கடல் கடந்த வகுப்புத் தோழர்

“எங்கள் கிராமம்” என்னும் பொருள்பற்றி ஒரு கட்டுரை எழுதுமாறு நான்காந் தரப் பிள்ளைகளை ஆசிரியர் பணிக்கிறார். பிள்ளைகளும் எழுதுகின்றனர். கோயில் உண்டு, குளம் உண்டு, வயல் உண்டு, மக்கள் ஒற்றுமையாக வாழ்கின்றனர் என்று எல்லாக் கொப்பிகளிலும் ஒரே கட்டுரை வந்து சேர்கிறது. இதற்காகப் பிள்ளைகளைக் குறைகூற நமக்கு உரிமையில்லை. அக்கட்டுரையை வாசிக்கப் போகிறவர் ஆசிரியர் ஒருவரே. அவர் அக்கிராமத்தை நாள்தோறும் காண்பவர். கிராமத்தைப்பற்றி அறிய விரும்பி அவர் கேட்டாரல்லர். பிழை திருத்தும் பொருட்டே கேட்டார். அறியாதவன் ஒருவன் ஆவலோடு கேட்கும்போதன்றோ சொல்பவனுக்குச் சொல்ல வேண்டியவை தோன்றும்!

இவ்வெளிய உண்மையை அடிப்படையாகக் கொண்டதே, ஒரு நாட்டின் ஆரம்பப் பாடசாலை வகுப்பைப் பிறநாட்டு வகுப்பொன்றுடன் தோழமை பூணச் செய்யும் முறை. இது நேற்றுத் தோன்றிய புதுமையன்று. இதற்கு நூறாண்டு வரலாறு உண்டு. அவ்வரலாற்றிலிருந்து நம் பெற்றோரும் ஆசிரியரும் அறியத்தக்கன சிலவற்றை ஈண்டு எடுத்துரைப்போம்.

அச்சுப்பொறி அமர்த்திய ஆசிரியர்

பிரான்சு தேசத்தின் தென்கிழக்கு மலைச்சாரலில் பார்-சூர்-லூ என்னும் சிற்றூர் உளது. 1920ஆம் ஆண்டில் செலஸ்தேன் பிரெனே என்னும் இளைஞர் அவ்வூர்ப் பாடசாலைக்கு ஆசிரியராக வந்தார். முதலாம் உலகப்போரில் நுரையீரலிற் காயமுற்றவர் அவர். நெடுநேரம் உரத்துப் பேச அவரால் இயலாது. ஆசிரியர் பேசிக்கொண்டிருக்க மாணாக்கர் கேட்டுக்கொண்டிருக்கும் பழைய முறை தம் உடல்நிலைக்கு ஒவ்வாமை கண்டு வேறு வழி தேடினார். பிள்ளைகளை வெளியே அழைத்துச் சென்று, கண்டவற்றை அவர்களே சொல்லவும் எழுதவும் செய்தார். பின்னர் 1920களின் நடுப்பகுதியில் வகுப்பறையிலே சிறியதோர் அச்சுப்பொறியை அமர்த்தி, பிள்ளைகள் எழுதியவற்றை அவர்களே எழுத்துக்கோத்து அச்சிட வழிசெய்தார்.

அச்சிட்டதை யார் வாசிப்பது? பிரான்சின் மறுகோடியில், அத்திலாந்திக் கடலோரத்துப் பிரிட்டனிப் பகுதியில், திரேகங் என்னும் ஊரில் ரெனே தானியேல் என்னும் ஆசிரியரும் இதே முறையைக் கைக்கொண்டார். இரு வகுப்புகளும் தாம் அச்சிட்ட தாள்களைத் தபால்வழி மாற்றிக்கொள்ளத் தொடங்கின. வாசனைத் தைலத்திற்காகத் தோடம்பூப் பறிக்கும் மலைநாட்டுப் பிள்ளைகட்கு மீன்பிடி வள்ளமும் கடற்பாசியும் புதியவை. கடலோரப் பிள்ளைகட்கோ மலையும் தோடம்பூவும் புதியவை. தமக்கு மிகச் சாதாரணமாய்த் தோன்றிய பொருள்களெல்லாம் திடீரென்று விளக்கிச் சொல்லத்தக்க பொருள்களாயின. எழுத்துப்பிழை விடலாகாது என்பதும் ஆசிரியரின் கட்டளையாக இல்லாமல், நண்பன் விளங்கிக்கொள்ள வேண்டுமே என்னும் சொந்தக் கவலையாக மாறிற்று. ஒரே நாட்டின் இரு பாடசாலைகளுக்கிடையே தொடங்கிய இம்முறை பிறநாடுகளிலும் வேரூன்றி, 1957இல் அவ்வாசிரியர்களுக்கென ஓர் அனைத்துலகச் சம்மேளனம் அமையுமளவிற்கு வளர்ந்தது.

நீலக்கண் பொம்மைகள்

தேச எல்லைகளைக் கடந்த பிள்ளைகளின் நட்புக்கு அதே காலத்தில் நிகழ்ந்த வேறொரு முயற்சி நல்ல சான்றாகும். அதன் முடிவு நம்மைச் சிந்திக்க வைப்பது.

1924இல் அமெரிக்க ஐக்கிய நாடுகள் இயற்றிய குடிவரவுச் சட்டம் யப்பானியர் அங்கு குடியேறும் வழியை அடைத்தது. இரு நாட்டாரிடையேயும் கசப்பு முற்றியது. யப்பானில் இருபதாண்டுகளுக்கு மேல் மிசனரியாகப் பணியாற்றியிருந்த சிட்னி குலிக் என்பார், வளர்ந்தோரைத் திருத்துவது கடினமென்றும் பிள்ளைகளிடமிருந்தே தொடங்க வேண்டுமென்றும் கருதினார். அவர் விடுத்த வேண்டுகோளை ஏற்று அமெரிக்கச் சிறுவர் சிறுமியர் பொம்மைகளைச் சேகரித்து, அவற்றிற்கு உடை தைத்து, பெயரிட்டு, நட்புக் கடிதம் எழுதி, கடவுச்சீட்டும் பிரயாணச்சீட்டும் கொடுத்து யப்பானுக்கு அனுப்பினர். 1927 மார்ச்சு மாதத்துப் பெண்பிள்ளைகளின் பொம்மைத் திருநாளை ஒட்டி 12,000க்கும் மேற்பட்ட பொம்மைகள் சென்று சேர்ந்தன. ஆரம்பப் பாடசாலைகளும் பாலர் பாடசாலைகளும் விழா எடுத்து அவற்றை வரவேற்றன.

யப்பானியர் வாளாவிருந்தாரல்லர். முதுபெருந் தொழிலதிபர் சிபுசாவா எயிச்சி முன்னின்று உதவ, பள்ளிப் பிள்ளைகள் ஆளுக்கொரு சென் காசு வழங்கினர். அப்பணத்தைக்கொண்டு கைதேர்ந்த பொம்மைக் கலைஞர் 58 பொம்மைகளை உருவாக்கினர். பட்டாடை உடுத்திய அப்பொம்மைகள் அவ்வாண்டின் இறுதிப் பகுதியில் அமெரிக்காவை அடைந்தன.

ஆயினும், 1941இல் இரு நாடுகளும் போரில் இறங்கின. நீலக்கண் பொம்மை பகைவனின் சின்னமாயிற்று. முன்பு எந்தப் பாடசாலைகள் விழா எடுத்தனவோ அப்பாடசாலைகளிலேயே பொம்மைகள் உடைக்கப்பட்டன, எரிக்கப்பட்டன. போர் ஓய்ந்தபின், பல்லாண்டுகள் கழித்துத் தேடிக் கண்டெடுக்கப்பட்டவை முந்நூற்றுச் சொச்சமே. அவற்றுட் பல தாமாகத் தப்பியவை அல்ல. கட்டளையை மீறி ஆசிரியர் சிலர் களஞ்சிய அறைகளிலும் பிற மறைவிடங்களிலும் அவற்றை ஒளித்து வைத்திருந்தனர்.

பிள்ளைகளின் நட்பு போரைத் தடுக்கும் என்று எவரேனும் நமக்குக் கூறினால் நாம் நம்ப வேண்டியதில்லை. பன்னீராயிரம் பொம்மைகளால் அது கூடவில்லை. ஆனால், பகைமையே நாட்டுப்பற்று எனக் கற்பிக்கப்பட்ட காலத்தில், ஒரு துணிப்பொம்மையைப் பகைவனாகக் காண மறுத்த ஆசிரியர் சிலரேனும் இருந்தனர். இத்தகைய முயற்சிகளிடமிருந்து நாம் எதிர்பார்க்கத்தக்க பயன் இதுவே. இது சிறிதன்று.

கரடி எழுதும் நாட்குறிப்பு

தபாற்கப்பல் சென்ற வழியில் இன்று கணினி செல்கிறது. 1988இல், அமெரிக்காவும் சோவியத்து ஒன்றியமும் ஒன்றையொன்று ஐயுற்றிருந்த நாளில், நியூயோர்க் மாநிலத்தின் 12 பாடசாலைகளும் மொஸ்கோவின் 12 பாடசாலைகளும் தொலைத்தொடர்பு மூலம் இணைக்கப்பட்டன. அம்முயற்சியினின்று தோன்றியதே ‘ஐ-ஏர்ன்’ எனப்படும் அனைத்துலகப் பாடசாலை வலையமைப்பு. ஐரோப்பிய ஆணைக்குழு 2005இல் தொடங்கிய ‘ஈ-ருவின்னிங்’ திட்டம் ஐரோப்பிய நாடுகளின் பாடசாலைகளை இவ்வாறே இணைக்கிறது.

ஐ-ஏர்ன் வலையமைப்பின் திட்டங்களுள் இளம் பிள்ளைகளுக்கு மிகப் பொருந்துவது கரடிப் பொம்மைத் திட்டம். இரு நாட்டு வகுப்புகள் ஒன்றுக்கொன்று ஒரு துணிக்கரடியைத் தபாலில் அனுப்புகின்றன. வந்த விருந்தாளியைப் பிள்ளைகள் முறைவைத்து வீட்டுக்கு அழைத்துச் செல்கின்றனர். அங்கே கண்டதையும் உண்டதையும் அக்கரடியே எழுதுவதுபோல் நாட்குறிப்பாக எழுதி, அதன் சொந்த வகுப்புக்கு அனுப்புகின்றனர். பார்வைக்கு இது விளையாட்டு. ஆனால் கரடியாக எழுதும் பிள்ளை தன் வீட்டு முற்றத்தையும் அடுக்களையையும் ஓர் அயல்நாட்டானின் கண்கொண்டு பார்க்க வேண்டியிருக்கிறது. பார்சூர்லூப் பிள்ளைகள் தோடம்பூவைப் புதிதாய்க் கண்டதும் இவ்வாறே.

கைவிடப்படுவன எதனால்?

இத்தகைய தொடர்புகள் பல, முதற்கடிதத்தோடு முற்றுப்பெறுகின்றன. காரணங்கள் தெளிவானவை. “உன் பெயர் என்ன? வயது என்ன? உனக்குப் பிடித்த உணவு எது?” என்று எல்லாப் பிள்ளைகளும் ஒன்றையே வினவினால் இரண்டாங் கடிதத்திற் கேட்பதற்கு ஒன்றும் எஞ்சாது. இரு வகுப்பும் சேர்ந்து செய்ய ஒரு வேலை வேண்டும். ஒரு மாதம் மழையை அளந்து ஒப்பிடலாம். பாட்டிமாரிடம் கேட்ட கதைகளைத் தொகுக்கலாம். நண்பகலில் ஒரு கோலின் நிழல் எத்துணை நீளம் என்று இரு நாட்டிலும் ஒரே நாளில் அளந்து பார்க்கலாம். மறுமொழி அனுப்பவேண்டிய நாளை இரு ஆசிரியரும் முன்னரே வகுத்துக்கொள்ள வேண்டும். தவணைகளும் வேறுபடும்: யப்பானிற் கல்வியாண்டு ஏப்பிரலிலும் ஐரோப்பிய நாடுகள் பலவற்றிற் செப்தெம்பரிலும் தொடங்குகிறது.

நேருக்குநேர் உரையாட விரும்புவோர் நேரக்கணக்கையும் நோக்க வேண்டும். நம் பாடசாலை மணி காலை 7.30க்கு ஒலிக்கையில் குளிர்கால இலண்டனில் அதிகாலை 2 மணி. அங்குப் பிள்ளைகள் வகுப்புக்கு வரும்முன் நம் பிள்ளைகள் வீடு திரும்பிவிடுவர். கிழக்கே நோக்கினால் நிலைமை வேறு: நமக்குக் காலை 8.30 ஆகையில் யப்பானில் நண்பகல் 12. அவ்வகையில், மேற்கிலும் பார்க்கக் கிழக்கே நமக்கு அணித்து. மேற்கே நட்புக்கொள்வோர்க்குக் கடிதமே போதும். கடிதத்திற்கு நேரம் தடையன்று.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள் உள. பிள்ளைகளின் வீட்டு விலாசம், தொலைபேசி இலக்கம், ஒளிப்படம் ஆகியவற்றை வெளியிடாது, கடிதங்கள் யாவும் ஆசிரியர் வழியே செல்வதே பாதுகாப்பு. மற்றையது மானம் பற்றியது. செல்வ நாட்டு வகுப்பு கொப்பியும் பென்சிலும் அனுப்ப, வறிய நாட்டு வகுப்பு நன்றிக்கடிதம் எழுதும் தொடர்பு தோழமையாகாது. கொடுப்பதற்கு நம்மிடமும் பொருள் உண்டு என்பதைப் பிள்ளை உணர வேண்டும். பட்டம் கட்டும் நுட்பத்தை, கோலம் இடும் கணக்கை, பனையிலிருந்து பெறும் பயன்களை அயல்நாட்டுப் பிள்ளைக்குக் கற்பிக்கும் சிறுவன் எவர்க்கும் தாழ்ந்தவனல்லன்.

“ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சை இருக்கையில் இதற்கெல்லாம் நேரமேது?” எனப் பெற்றோர் வினவுவர். அவர்தம் கவலையை நாம் எளிதாகத் தள்ளிவிடவில்லை. ஆயின் மூன்றாந் தரத்திலும் நான்காந் தரத்திலும் வாரத்திற்கு ஒரு பாடவேளை ஒதுக்கினாற் போதும். கண்டதை ஒழுங்குபடச் சொல்லவும், சொன்னதைப் பிழையற எழுதவும், பிறமொழியொன்றில் அஞ்சாது ஒரு வாக்கியம் அமைக்கவும் பழகிய பிள்ளை பரீட்சையிற் பின்தங்கக் காரணமில்லை.

இதற்குப் பெரும் பணமோ, வகுப்பு நிறையக் கணினிகளோ தேவையில்லை. உறுதியாய் மறுமொழி எழுதும் ஆசிரியர் இருவரும், பாடசாலைக்கு ஒரு கணினியும் அல்லது சில முத்திரைகளும் போதும். வருகின்ற தவணையில் நம் ஆரம்பப் பாடசாலைகளுட் சிலவேனும் இதனைத் தொடங்குமாயின், “எங்கள் கிராமம்” என்று எழுத அமரும் பிள்ளைக்கு அதனை வாசிக்கக் காத்திருக்கும் ஒரு தோழன் இருப்பான்.