மெத்தைத் தரைக்கு எந்தக் காலணி?

பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தில் புத்தகப்பை, குடை, மழைக்கோட்டு ஆகியவற்றோடு இன்னொரு பொருளையும் பிள்ளைகள் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். கராத்தே வகுப்புக்கு ஒரு ஷூ வேண்டுமாம். பாலக்காட்டுச் சமவெளியில் வாளையாறு, கோவிந்தாபுரம், மீனாட்சிபுரம். இடுக்கி மலையில் குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு. தமிழும் மலையாளமும் கலந்து புழங்கும் இந்த எல்லையூர்களில் தற்காப்புக்கலை வகுப்புகளுக்குக் குறைவில்லை. காலணி வாங்கக் கோவைக்கோ, பொள்ளாச்சிக்கோ, கம்பத்துக்கோ இறங்கிவிடலாம். கடைக்காரரும் ஓட்டப் பயிற்சிக்கான ஷூ ஒன்றை எடுத்து நீட்டுவார். விலை கூடியது நல்லது என்று எண்ணி நாமும் வாங்கிவிடுகிறோம். மெத்தைத் தரையில் பிள்ளையின் முழங்காலுக்கு ஊறு செய்யக்கூடியது பெரும்பாலும் அந்த விலை கூடிய ஷூதான்.

இம்மண்ணின் பழைய வழக்கம் என்ன என்று முதலில் பார்ப்போம். களரிப்பயிற்றுக் களரி தரைமட்டத்துக்குக் கீழே தோண்டி அமைக்கப்படுவது. மரபான அளவு 42 அடி நீளம், 21 அடி அகலம். வாயில் கிழக்கில் இருக்கும். தென்மேற்கு மூலையில் ஏழு படிகளுடன் பூத்தறை இருக்கும். மாணவர் வலக்காலை முன்வைத்து இறங்கி, தரையைத் தொட்டு வணங்கிய பின்னரே பயிற்சியைத் தொடங்குவார். அங்கே காலணிக்கு இடமே இல்லை. இது மரியாதை மட்டுமன்று. இடித்துக் கெட்டிப்படுத்திய மண், குதித்து இறங்கும் காலின் அதிர்வைச் சிறிது உள்வாங்கும். ஆனால் பாதம் அதில் அமிழ்ந்துவிடாது. விரல்கள் பரந்து ஊன்றும். உள்ளங்கால் வேண்டியபோது வழுக்கித் திரும்பும். தேக்கடியில் சுற்றுலாப் பயணிகளுக்காக மாலையில் நடக்கும் களரி நிகழ்ச்சிகளுக்குச் செல்வோர் வாளையும் தீப்பந்தத்தையுமே பார்த்துவிட்டு வருகிறார்கள். ஒருமுறை வீரர்களின் பாதங்களை மட்டும் பாருங்கள். எல்லா நுட்பமும் அங்கேதான் இருக்கிறது. தமிழகத்துச் சிலம்பமும் வெறுங்காலோடு மண்ணில் ஆடப்பட்ட கலையே.

இன்றைய வகுப்புகளில் பலவும் மண்ணில் நடப்பதில்லை. பள்ளி மண்டபத்திலோ திருமண மண்டபத்திலோ சிமெண்டுத் தரைமீது பஞ்சுபோன்ற ஃபோம் விரிப்புகளைப் பல்லோடு பல் கோத்துப் பரப்புகிறார்கள். கராத்தேக்குப் பொதுவாக 20 முதல் 25 மில்லிமீட்டர் தடிமன் உள்ள விரிப்பும், ஆளைத் தூக்கி எறிந்து வீழ்த்தும் ஜூடோவுக்கு 40 மில்லிமீட்டர் அளவிலான விரிப்பும் பயன்படுகின்றன. ஜப்பானியர் முதலில் வைக்கோலையும் கோரையையும் கொண்டே இப்பாய்களைச் செய்தனர். நம் ஊர்க் கோரைப்பாயின் தூரத்து உறவு என்றே சொல்லலாம்.

மெத்தை விழுபவரைக் காக்கிறது. நின்று சுழல்பவருக்கோ அது வேறொரு சிக்கலை உண்டாக்குகிறது. சுழன்று உதைக்கும்போது உடல் முழுவதும் ஒற்றைக் காலின்மேல் திரும்புகிறது. ஊன்றிய பாதமும் கூடவே திரும்பியாக வேண்டும். தடித்த ரப்பர் அடிப்பாகமுள்ள ஷூ மென்மையான விரிப்பைக் கவ்விப் பிடித்துக்கொண்டால் உடல் திரும்பும், பாதம் நின்றுவிடும். இடையில் அகப்படுவது முழங்கால். மூட்டின் நடுவே குறுக்காக ஓடும் தசைநாரும், அதிர்வைத் தாங்கும் பிறை வடிவச் சவ்வும் கிழிவது இப்படித்தான். கிழிந்த தசைநாருக்குச் சிலவேளை அறுவைச் சிகிச்சை தேவைப்படும். மாதக்கணக்கில் ஓய்வும் இயன்முறைப் பயிற்சியும் தேவைப்படும். வளரும் வயதுப் பிள்ளைக்கு இது சிறிய இழப்பன்று. தோட்டத் தொழிலாளர் குடும்பத்துக்கோ அதன் செலவு ஷூவின் விலையோடு ஒப்பிடவே முடியாதது.

ஓட்டப் பயிற்சி ஷூவில் இன்னொரு குறையும் உண்டு. அதன் குதிகால் பகுதி முன்பகுதியைவிட உயர்ந்தே இருக்கும். 8 முதல் 12 மில்லிமீட்டர் உயர வேறுபாடு வழக்கமானது. நேராக முன்னே ஓடுவதற்கு அது பொருந்தும். பக்கவாட்டில் பாய்ந்து நகரும்போது, மெத்தைமேல் மெத்தை வைத்து நின்றதுபோல் கணுக்கால் தள்ளாடிப் புரளும். ஆகவே அந்த ஷூவைச் சாலையோடு நிறுத்திக்கொள்வதே நன்று.

எனவே, கராத்தே, ஜூடோ, களரி, சிலம்பம் ஆகிய நான்குக்கும் நாம் பரிந்துரைப்பது வெறுங்காலையே. கராத்தேயில் எதிரியோடு மோதும் பயிற்சிக்கு வரும்போது புறங்காலையும் முன்னங்காலையும் மூடும் திண்டு தேவைப்படும். ஒதுக்கிய பணத்தை முதலில் அதற்கும் பற்காப்புக்கும் செலவிடுவதே முறை.

எல்லாக் கலைக்கும் இது பொருந்தாது. மல்யுத்தத்தில் ஷூ அணிவது கட்டாயம். கணுக்காலை இறுகப் பற்ற வேண்டும், குதிகால் உயரம் கூடாது, ஆணியோ உலோகமோ இருக்கலாகாது என்பது பன்னாட்டு விதி. வூஷூவில் அசைவுத் தொடர்களை மெல்லிய அடிப்பாகமுள்ள ஷூவோடு விரிப்பின்மீது ஆடுகிறார்கள். டேக்வாண்டோ போட்டியில் மின்னுணரி பொருத்திய காலுறை உண்டு. பயிற்சிக்கென மெல்லிய, எடை குறைந்த ஷூவும் விற்கிறது. ஆகவே கடைக்குப் போகும் முன் ஆசானிடமோ மாஸ்டரிடமோ இரண்டு கேள்விகள் கேளுங்கள். வகுப்பில் ஷூவுக்கு அனுமதி உண்டா? விரிப்பு எவ்வளவு தடிமன்? இரண்டாவது கேள்வியைப் பெரும்பாலோர் கேட்பதில்லை.

ஷூ தேவை என்றே முடிவானால் கையால் சோதித்து வாங்கலாம். முன்பாதம் மடங்கும் இடத்தில் எளிதாக வளைய வேண்டும். நடுவில் மடிந்தால் வேண்டாம். அடிப்பாகம் தட்டையாகவும் மெல்லியதாகவும் இருக்கட்டும். ஆழமான வெட்டுகள் உள்ள அடிப்பாகம் மெத்தையைக் கவ்வும். இடுக்கில் சிக்கிய சிறுகல் விரிப்பையும் கிழிக்கும். காலின் வீக்கம் கூடியிருக்கும் மாலை வேளையில் அணிந்து பார்ப்பது நல்லது. பிள்ளையின் பெருவிரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் போதும். அடுத்த ஆண்டுக்கும் ஆகட்டும் என்று இரண்டு அளவு பெரிதாக வாங்கும் நம் வழக்கம் பள்ளிச் சீருடைக்குச் சரி. சுழலும் காலுக்குச் சரியன்று. உள்ளே பாதம் நழுவினால் கணுக்கால் பிசகும்.

அகலத்தைப் பற்றியும் ஒரு சொல். சென்னை அடையாற்றில் உள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாடெங்கும் 1 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பாதங்களை அளந்தது. நம் பாதங்கள் பொதுவாக அகலமானவை. ஐரோப்பிய, அமெரிக்க அளவுகள் அவற்றுக்கு இறுக்கமாகவே அமைகின்றன என்பது அதில் தெரியவந்தது. நீளம் சரியாக இருந்தும் சுண்டுவிரல் நசுங்கினால் குறை உங்கள் காலில் இல்லை. வேறு அச்சில் செய்த ஷூவைக் கேளுங்கள்.

வெறும் பருத்திக் காலுறையோடு மெத்தையில் இறங்குவதைத் தவிருங்கள். அது வழுக்கும். அடியில் ரப்பர்ப் புள்ளிகள் உள்ள காலுறை ஓரளவு உதவும்.

வெறுங்கால் எல்லோருக்கும் ஏற்றதன்று என்பதையும் அழுத்திச் சொல்ல வேண்டும். நாற்பது, ஐம்பது வயதில் உடல்நலத்துக்காக வகுப்பில் சேர்வோர் இப்போது பலர். அவர்களில் நீரிழிவு உள்ளவருக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கக்கூடும். முள்ளோ கல்லோ தைத்தாலும் தெரியாது. சிறு காயம் ஆறாப் புண்ணாகி, காலையே இழக்கும் நிலைவரை சென்றுவிடும். மெல்லிய நைலான் இழை ஒன்றைப் பாதத்தில் அழுத்தி உணர்ச்சியைச் சோதிக்கும் எளிய முறை மருத்துவரிடம் உண்டு. அதைச் செய்துகொண்ட பின்பே வகுப்பில் சேருங்கள். உணர்ச்சி குறைந்திருந்தால் மென்மையான, தட்டை அடிப்பாகமுள்ள ஷூவுக்கு மாஸ்டரிடம் தனி அனுமதி கேட்பதில் வெட்கமில்லை. ஒவ்வொரு வகுப்புக்குப் பின்னும் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள்.

இனி மழை. இடுக்கியில் தென்மேற்குப் பருவமழை இறங்கிவிட்டால் ஈரம் உலர வாரங்கள் ஆகும். ஈரக்காலோடு பலர் மிதிக்கும் விரிப்பு, விரலிடுக்குச் சேற்றுப்புண்ணைப் பரப்பும். மலையில் அட்டை வேறு. அதையும் விரலிடையில் தேடிப் பார்த்த பிறகே மெத்தையில் ஏறுவது நல்லது. பாலக்காட்டிலோ சிக்கல் நேரெதிர். கணவாய் வழியே வீசும் கோடைக்காற்றில் குதிகால் வெடிக்கும். பித்தவெடிப்பின் பிளவில் அழுக்கு புகும். இரண்டு இடங்களுக்கும் மருந்து ஒன்றே. வகுப்புக்கு முன்னும் பின்னும் கால் கழுவி, விரலிடுக்கைத் துடைத்து உலர்த்த வேண்டும். கழிப்பறைக்குச் செல்ல வாசலில் ஒரு ரப்பர் செருப்பு இருக்கட்டும். அதைக் கடைசியாக வாங்காமல் முதலில் வாங்குங்கள். இந்தக் கட்டுரையில் சொன்ன பொருட்களில் விலை குறைந்ததும் அன்றாடம் பயன்படுவதும் அதுவே.

2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரையிலான காலணிக்குச் சரக்கு மற்றும் சேவை வரி 5 விழுக்காடு. இரசீதைத் தவறாமல் பெற்றுக்கொள்ளுங்கள். புது ஷூவை அணிந்து தெருவில் நடக்காமல், அட்டைப்பெட்டியோடு வகுப்புக்குக் கொண்டுசென்று, மாஸ்டர் முன்னிலையில் விரிப்பின்மீது ஒற்றைக் காலில் மெல்லத் திரும்பிப் பார்க்கச் சொல்லுங்கள். பாதம் இழுபடாமல் திரும்பினால் வைத்துக்கொள்ளலாம். கவ்விப் பிடித்தால் அடிப்பாகம் அழுக்காகாத நிலையில் அதைக் கடைக்கே திருப்பிக் கொடுத்துவிடலாம். மாற்றித் தருவார்களா என்பதை வாங்கும்போதே கேட்டு வைத்திருந்தால் போதும்.