கெடாத சரக்கும் தீராத தள்ளுபடியும்

ஆடி பிறந்தால் ஜவுளிக்கடையில் தள்ளுபடி, தீபாவளி வந்தால் மளிகைக்கடையில் பலகாரச் சாமான், பொங்கல் வந்தால் பச்சரிசி, வெல்லம் என்று காலத்தை ஒட்டியே நம் வியாபாரம் நடக்கிறது. இதே பருவ வியாபாரம் இன்று கைபேசி விளையாட்டுக்குள்ளும் நடக்கிறது. அங்கே விலைபோவது அரிசியோ பருப்போ அல்ல. சரித்திர காலக் கட்டடங்கள். விளையாட்டு என்று நாம் ஒதுக்கிவிட வேண்டாம். அந்த விற்பனை முறை நம் கடை வாசலுக்கும் வந்துகொண்டிருக்கிறது.

சரித்திரமே சரக்கு

ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரிலுள்ள இன்னோகேம்ஸ் என்ற நிறுவனம் 'ஃபோர்ஜ் ஆஃப் எம்பயர்ஸ்' என்ற விளையாட்டை 2012-ஆம் ஆண்டு கணினிக்காக வெளியிட்டது. 2014 முதல் அது கைபேசிக்கும் வந்தது. ஆடுபவர் கற்காலக் குடிசைகளோடு தொடங்கி, வெண்கலக் காலம், இரும்புக் காலம், இடைக்காலம் என்று தம் ஊரை வளர்க்க வேண்டும். ரோமாபுரியின் கொலோசியம், அலெக்சாந்திரியாவின் கலங்கரை விளக்கம், பாரிஸ் நகரத்து நோட்ரடாம் தேவாலயம் எல்லாம் கட்டலாம். வைகிங்குகள், பண்டைய எகிப்து, ஜப்பான், ஆஸ்டெக், நம் நாட்டு மொகலாயர் பெயரிலும் குடியேற்றங்கள் உண்டு. உள்ளே ஒரு சந்தையும் உண்டு. தம்மிடம் உள்ள சரக்கைக் கொடுத்து மற்றவர் சரக்கை மாற்றிக்கொள்ளலாம்.

ஆடுவதற்குக் கட்டணம் இல்லை. ஆனால் வேலை விரைவாக முடிய வேண்டுமென்றால் 'வைரம்' வேண்டும். அதை ரொக்கம் கொடுத்தும் வாங்கலாம். இப்படிப்பட்ட இலவச விளையாட்டுகளில் பெரும்பாலோர் ஒரு காசும் செலவிடுவதில்லை. சிறு பகுதியினர் கொடுக்கும் பணத்திலேயே கடை ஓடுகிறது. கைபேசி வழியே வாங்கினால் அந்த வசூலில் ஒரு பங்கு ஆப்பிள், கூகிள் கடைகளுக்குக் கழிவாகப் போகும்.

பருவ விற்பனை நடக்கும் விதம்

குளிர்காலம், வசந்தம், கோடை, வெனிஸ் நகரத் திருவிழா, அகழ்வாராய்ச்சி என்று ஆண்டு முழுவதும் நிகழ்வுகள் மாறி மாறி வந்திருக்கின்றன. ஒவ்வொன்றும் ஏறக்குறைய மூன்று வாரம். அந்த நாட்களில் மட்டும் செல்லும் தனி நாணயம் ஒன்று புழங்கும். தினம் ஒரு சிறப்புப் பரிசு. இன்று இருப்பது நாளை இராது. நிகழ்வுக்கென்றே ஒரு கட்டடம் உண்டு. அது படிப்படியாகத்தான் முழுமை பெறும். கடைசி ஒன்றிரண்டு படிகள் எஞ்சி நிற்கும்போது நாள் முடியப்போகும். அங்கேதான் கை பணப்பையைத் தேடும்.

இதில் நாம் மெச்ச வேண்டியவையும் உண்டு. ஆண்டு முழுவதற்கும் முன்கூட்டியே திட்டம். ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு காரணமும் கதையும். சும்மா வந்து எட்டிப் பார்ப்பவருக்கும் ஏதாவது கொடுத்தனுப்பும் பழக்கம். மறுநாளும் வரவழைக்கும் ஏற்பாடு. இவற்றை நாமும் கற்றுக்கொள்வதில் தவறில்லை.

நமக்கு ஒவ்வாதது

ஆனால் ஒரு வேறுபாட்டை மறக்கலாகாது. படத்தில் உள்ள கோபுரத்துக்குக் கொள்முதல் விலை இல்லை. லாரி வாடகை இல்லை, கிடங்கு வாடகை இல்லை, எலி கடிக்காது, வண்டு விழாது. ஒன்றை ஆக்கிவிட்டால் லட்சம் பேருக்கு விற்கலாம். பாதி விலைக்குக் கொடுத்தாலும் வருவது வரவுதான். நாம் அப்படியா? 100 ரூபாய்க்கு வாங்கி 110 ரூபாய்க்கு விற்கும் சரக்கில் 5 சதவீதம் தள்ளுபடி என்றால் 5 ரூபாய் 50 காசு. நம் லாபமான 10 ரூபாயில் பாதிக்கு மேல் போய்விட்டது. கடைக்கூலியும் மின்கட்டணமும் மீதியிலிருந்துதான் வரவேண்டும். கெடாத சரக்கு வைத்திருப்பவனைப் பார்த்துக் கெடும் சரக்கு வைத்திருப்பவன் தள்ளுபடி போட்டால் கல்லா காலியாகும்.

இன்னொன்று, 'இன்றே கடைசி' என்ற அவசரம். விளையாட்டில் நாள் முடிந்தால் நிகழ்வு முடிந்துவிடும். நம்மில் சிலரோ 'இன்றே கடைசி' என்ற அட்டையை மாதக்கணக்கில் தொங்கவிடுகிறோம். வாடிக்கையாளர் தினமும் அந்த வழியாகத்தான் போகிறார் என்பதை எண்ண வேண்டும். நம் நாட்டின் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில், ஏமாற்று உத்திகள் என 13 வகைகளைப் பட்டியலிட்டுள்ளது. பொய்யான அவசரம் காட்டுவது அவற்றில் ஒன்று. இணையத் தளங்களுக்கும் அவற்றில் விற்போருக்கும் விளம்பரம் செய்வோருக்கும் இது பொருந்தும். கைபேசிச் செயலி வழியே மளிகை விற்கத் தொடங்கியுள்ள நம் அங்கத்தினர் இதை மனத்தில் கொள்வது நல்லது.

அதிர்ஷ்டப் பெட்டி விற்பனையும் அப்படியே. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் காசு கொடுத்துப் பெட்டி வாங்கும் முறையைச் சில விளையாட்டுகளில் கண்டு, அது சூதாட்டச் சட்டத்துக்கு உட்பட்டது என்று பெல்ஜியம் நாட்டுச் சூதாட்ட ஆணையம் 2018-இல் அறிவித்தது. பரிசு கிடைக்கும் வாய்ப்பு எத்தனை சதவீதம் என்று வாங்குமுன் சொல்ல வேண்டும் என்று ஆப்பிள் நிறுவனம் 2017 இறுதியில் விதி செய்தது. பரிசுக் கூப்பன் திட்டம் போடுகிறவர்கள் எத்தனை கூப்பன், எத்தனை பரிசு என்று வெளிப்படையாக எழுதி ஒட்டுவதே மரியாதை.

வீட்டுக்கும் ஒரு சொல்

கடை வரவு செலவெல்லாம் கைபேசியிலேயே நடக்கும் காலம் இது. அதே கைபேசியைப் பிள்ளைகள் விளையாடவும் எடுக்கிறார்கள். விளையாட்டுக் கடையில் எதை வாங்கினாலும் கடவுச்சொல் கேட்கும்படி அமைத்துவைக்க வசதி உண்டு, இன்றே செய்துவிடுங்கள். கடைக் கணக்கு இணைந்துள்ள கைபேசியைத் தனியே வைத்துக்கொள்வது இன்னும் உத்தமம்.

பருவத்துக்கேற்ற சரக்கு, சொன்ன தேதி வரை சொன்ன விலை, உண்மையிலேயே குறைத்த விலை. இம்மூன்றும் இருந்தால் நம் பண்டிகை விற்பனைக்கு வேறு அலங்காரம் தேவையில்லை. படத்துக் கோபுரத்தை வாங்கியவர் நம்மிடம் வந்து நிறை சரியில்லை என்று கேட்கப்போவதில்லை. பருப்பு வாங்கியவர் மறுநாளே வந்து கேட்பார். அவர் வந்து கேட்கும் தூரத்தில் நாம் இருப்பதுதான் நம் பலம்.