பம்பின் ஒலி கேட்பவர்

குழாயைத் திறந்தால் நீர் வருகிறது. பயன்படுத்திய பின் அந்நீர் எங்கே செல்கிறது என்று நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்க்கிறோம்?

சிங்கப்பூரை எடுத்துக்கொள்வோம். அங்கே கிராஞ்சியிலிருந்து சாங்கி வரை 48 கிலோமீட்டர் நீளமுள்ள ஆழ்சுரங்கம் உண்டு. கழிவுநீர் சரிவினாலேயே அதில் ஓடி வருகிறது. ஆயினும் நீர் தானாக இறங்குமேயன்றித் தானாக ஏறாது. எனவே சாங்கியில் பெரிய பம்புகள் அதனை மேலேற்றுகின்றன. 2009ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற அந்நிலையம், நாளொன்றுக்கு 8 இலட்சம் கன மீட்டர் நீரைச் சுத்திகரிக்கும் ஆற்றலோடு தொடங்கியது.

இத்தகைய பம்புகளை ஓயாது ஓடச் செய்பவரே பொறி பழுதுபார்ப்பாளர். அவருடைய முதற் கருவி காது. பம்பினுள் கூழாங்கற்கள் உருள்வது போன்ற ஒலி கேட்டால் அவர் விழித்துக்கொள்வார். ஏன்? உறிஞ்சும் பக்கத்தில் அழுத்தம் மிகக் குறைந்தால், நீர் சூடேறாமலே ஆவிக் குமிழிகளாகும். அழுத்தம் மிகுந்த இடத்தை அடைந்ததும் அக்குமிழிகள் நொறுங்கிச் சுழல் சக்கரத்தின் உலோகத்தை அரித்துவிடும். அடைபட்ட சல்லடை ஒன்றே இக்கேட்டிற்குப் போதும்.

காதை நம்பும் அவர், மூக்கை நம்பலாகாது. கழிவுநீரில் தோன்றும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு, முதலில் அழுகிய முட்டைபோல் நாறும். அளவு மிகுந்தாலோ முகரும் உணர்வையே மரக்கச் செய்யும். நாற்றம் இல்லையென்று குழியில் இறங்கி மாண்டவர் உண்டு. அவரைக் காக்க இறங்கி உடன் மாண்டவரும் உண்டு. ஆகவே முதலில் கருவியால் வாயுவை அளத்தல், வெளியே ஒருவர் காவல் நிற்றல், மின்விசையைப் பூட்டிவைத்தல் ஆகியவை மீறலாகா விதிகள்.

படிப்பு வராதவனுக்கு உரிய வேலை இது என்று எண்ணும் பெற்றோர் உளர். அது தவறு. அழுத்தமும் ஆவியும் வாயுவும் வகுப்பறையில் வெறும் பாடங்கள். இத்தொழிலில் அவையே உயிர்க்காப்பு.