மேட்ச் பார்க்கப் போறீங்களா? உடம்பையும் கூட்டிட்டுப் போங்க!

ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம். "சூடு பிடிச்சிருச்சுங்க ஐயா" என்றபடி என் வைத்தியசாலைக்குள் வந்தார் ஓர் இளைஞர். வயது இருபத்தி நாலு. பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். சிறுநீர் போகும்போது எரிச்சல், அடிவயிற்றில் கடுப்பு.

நாடி பார்க்கக் கையை நீட்டச் சொன்னேன். ஆட்காட்டி விரலில் பெரிய கட்டு!

"இது என்னப்பா?"

"அது ஒண்ணுமில்லீங்க... நேத்து மெஷின்ல ஊசி ஏறிருச்சு. ஆஸ்பத்திரியில கட்டு போட்டுட்டாங்க."

ஆறு வருஷமாக மெஷினில் உட்காரும் டெய்லருக்கு ஊசி ஏறுவானேன்? கிளறிக் கேட்டேன். கதை வந்தது.

சனிக்கிழமை ஒன்றரை ஷிப்ட். சம்பளம் கைக்கு வந்ததும் நண்பர்களோடு சேரன் எக்ஸ்பிரஸ். முன்பதிவில்லாத பெட்டியில் விடிய விடிய நின்றபடி பயணம். ஞாயிறு பகல் முழுக்க மெரினா வெயில். ராத்திரி 7.30-க்கு சேப்பாக்கத்தில் மேட்ச். முடிந்து வெளியே வர 11.30. ஊர் திரும்பும் ராத்திரி ரயில்கள் அதற்குள் போய்விட்டன. வாடகை வேனில் நெருக்கியடித்து ஏறி, திங்கள் காலை 8.30-க்கு நேராக மெஷின் முன்னால்!

"தண்ணி குடிச்சியா சாமி?"

"பாத்ரூமுக்குப் போனா அந்த நேரம் பார்த்து சிக்ஸர் அடிச்சிருவாங்கன்னு குடிக்கவே இல்லீங்க."

சிரிப்புதான் வந்தது. ஆனால் இது சிரிக்கிற விஷயமில்லை.

போகாதே என்று சொல்லமாட்டேன்

டி.வி.யில் பார்த்தால் போதாதா என்று பெரியவர்கள் கேட்பார்கள். போதாதுங்க! 2018-ல் காவிரிப் போராட்டத்தால் சென்னை அணியின் ஆட்டங்கள் புனேவுக்கு மாறியபோது, ரசிகர்களுக்காகவே 'விசில்போடு எக்ஸ்பிரஸ்' என்று தனி ரயில் போனது. 2023-ல் மே 28 அன்று அகமதாபாத்தில் இறுதிப் போட்டி மழையால் மறுநாளுக்குத் தள்ளிப்போனது. மஞ்சள் சட்டைக்காரர்கள் ரயில் நிலையத் தரையில் படுத்துக் கிடந்தார்கள். மறுநாள் ஆட்டம் முடியவே நள்ளிரவு தாண்டியது. கடைசி இரண்டு பந்தில் ஜடேஜா அடித்த சிக்ஸரையும் பவுண்டரியையும் நேரில் பார்த்தவர்கள், பட்ட கஷ்டம் தீர்ந்தது என்றுதான் சொல்வார்கள்.

வாரம் பூரா மெஷின் சத்தத்தில் இருப்பவனுக்கு ஒருநாள் சந்தோஷமும் மருந்துதான். ஆனால் அந்த மருந்துக்கும் பத்தியம் உண்டு!

அடக்கக்கூடாத 14

சித்த மருத்துவத்தில் '14 வேகங்கள்' என்று ஒரு கணக்கு உண்டு. தும்மல், கொட்டாவி, பசி, தாகம், தூக்கம், இளைப்பு, சிறுநீர், மலம் என்று உடம்பு தானாக எழுப்பும் உந்துதல்கள் அவை. இவற்றை வலிய அடக்கினால் நோய் வரும் என்பது விதி. பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் நான் இதைப் படித்தபோது, ஒரே ஆள் ஒன்றரை நாளில் ஐந்து வேகங்களை அடக்குவான் என்று நினைக்கவில்லை. தாகம், சிறுநீர், பசி, இளைப்பு, தூக்கம். அந்தத் தம்பி ஐந்தையும் அடக்கியிருந்தார்!

தாகம்: 1986 செப்டம்பரில் இதே சேப்பாக்கத்தில் இந்தியா - ஆஸ்திரேலியா டெஸ்ட் 'டை' ஆனது ஞாபகமிருக்கிறதா? 210 ரன் அடித்த டீன் ஜோன்ஸ் வெக்கையும் புழுக்கமும் தாங்காமல் மைதானத்திலேயே வாந்தி எடுத்தார். பிறகு ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏற்றினார்கள். பயிற்சி பெற்ற வீரருக்கே அந்தக் கதி. கேலரியில் இருக்கும் நாம் எம்மாத்திரம்?

சிறுநீர்: தண்ணீர் குறைந்து, வந்த சிறுநீரையும் அடக்கினால் கிருமி தங்க வசதியாகிவிடும். நீர்ச்சுருக்கு, எரிச்சல் எல்லாம் வரும். பெண்களுக்கு இது இன்னும் சீக்கிரம் வரும்.

தூக்கம்: இதுதான் உயிர் சமாச்சாரம். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கவனம், 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் மது உள்ளவருடையது போல மங்கிவிடுகிறது என்று 1997-ல் ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு காட்டியது. நம் நாட்டுச் சட்டம் வண்டி ஓட்டுபவருக்கு அனுமதிப்பதே 30 மில்லிகிராம்தான்! காலை 7 மணிக்கு எழுந்த வேன் டிரைவர் ராத்திரி 12 மணிக்கு இந்த நிலைக்கு வந்துவிடுகிறார். சொட்டு மது குடிக்காமலேயே! நீங்கள் மேட்ச் முடிந்து வேன் ஏறுவதும் அதே நேரம்தான்.

என்ன செய்யலாம்?

* கிளம்பும் நாளில் ஒன்றரை ஷிப்ட் வேண்டாம். முந்தைய ராத்திரி நன்றாகத் தூங்குங்கள்.

* ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கலந்து கொண்டுபோங்கள். சர்க்கரை நோய், ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் உங்கள் டாக்டரைக் கேட்டுச் செய்யுங்கள். மைதானத்துக்குள் பாட்டிலை விடமாட்டார்கள். வாசலிலேயே வயிறு நிறையக் குடித்துவிட்டு, உள்ளே விலை கூடுதலானாலும் வாங்கிக் குடியுங்கள்.

* மூன்று மணிக்கு ஒருமுறை சிறுநீர் கழியுங்கள். இன்னிங்ஸ் முடிய ஓர் ஓவர் இருக்கும்போதே எழுந்தால் வரிசை இருக்காது.

* மட்டமான பாலியஸ்டர் சட்டைக்குள் புழுங்காதீர்கள். ஊருக்கே பனியன் தைத்துத் தருகிற நாம், பருத்தியில் ஒன்று போட்டுக்கொள்ளக் கூடாதா?

* ராத்திரி சென்னையிலேயே தங்கி, காலையில் கோவை எக்ஸ்பிரஸ் பிடியுங்கள். வேன்தான் என்றால் டிரைவர் மேட்ச் பார்க்காமல் பகலில் தூங்கியவராக இருக்கட்டும்.

* "சூட்டுக்கு எண்ணெய் தேய்ச்சுக் குளி" என்று வீட்டில் சொல்வார்கள். திரும்பிய அன்றே வேண்டாம் அம்மணி. எண்ணெய்க் குளியலன்று பகல் தூக்கம் கூடாது. ஆனால் அன்று உங்கள் பிள்ளைக்குத் தேவையே தூக்கம்தான்! மோர்சாதம் போட்டுத் தூங்க விடுங்கள். எண்ணெயை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்.

இதற்குக் கஷாயம் தேடாதீர்கள்

வெயிலில் இருந்தவர் உளறினாலோ, உடம்பு நெருப்பாய்ச் சுட்டு நினைவு தடுமாறினாலோ, அது வெப்பத் தாக்கு. நிழலுக்குத் தூக்கிப்போய், உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். உடனே 108-ஐ அழையுங்கள். நீண்ட பயணத்துக்குப் பின் ஒரு காலில் மட்டும் கெண்டைக்கால் வீங்கி வலித்தாலும், திடீரென மூச்சு வாங்கினாலும் ஆஸ்பத்திரிக்குத்தான் போகவேண்டும். சித்த வைத்தியனான நானே சொல்கிறேன்.

அந்தத் தம்பிக்குச் சிறுநீர்ப் பரிசோதனை எழுதிக்கொடுத்து, நெருஞ்சில் குடிநீரும் கொடுத்தேன். விரல் ஆறிவிட்டது. ஆனால் பத்து நாள் கூலி போச்சு!

"அடுத்த சீசன் போவியா?" என்று கேட்டேன்.

"போவேனுங்க ஐயா... ஆனா திங்கக்கிழமைக்கும் சேர்த்து லீவு சொல்லிட்டுத்தான்!"

அவ்வளவுதாங்க விஷயம். டிக்கெட்டுக்குக் காசு எடுத்து வைக்கும்போதே, தூக்கத்துக்கும் ஒருநாள் எடுத்து வையுங்கள். கடைசி பந்தோடு மேட்ச் முடிவதில்லை. நீங்கள் நல்லபடியாக வீடு வந்து சேரும்போதுதான் முடிகிறது!