அசையாத மரமும் அசையும் தந்தியும்



திரைப்படப் பாடல்களைக் கேட்கும்போது, குரலுக்கும் வயலினுக்கும் அடியில், நடைபோடுவதைப் போல ஆழ்ந்த நாதம் ஒன்று ஒலிப்பதைக் கவனித்திருப்பீர்கள். பல பாடல்களில் அந்த நாதம் பேஸ் கிதார் எனும் மின்இசைக் கருவியினுடையது. அத்தகைய கருவி ஒன்றை நான் கையாலேயே செய்தேன். அப்போது கற்ற பாடங்களை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

முன்னாளில் மேனாட்டு இசைக் குழுக்களில் மந்தர ஸ்தாயி ஒலிக்கு, ஆளுயரத்தினும் பெரிதான டபிள் பேஸ் என்ற கருவியையே நம்பியிருந்தனர். அதில் மெட்டுகள் கிடையா. விரலும் செவியுமே துணை. 1951-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் லியோ ஃபெண்டர் என்பவர், மெட்டுகள் பொருத்திய சிறு பேஸ் கிதாரை விற்பனைக்குக் கொண்டுவந்தார். சுருதி பிசகாது என்பதனால் அதற்குத் 'துல்லியம்' எனப் பொருள்படும் பிரிசிஷன் என்ற பெயரைச் சூட்டினார்.

நம் வீணையோடு இதனை ஒப்பிட்டால் விஷயம் எளிதில் விளங்கும். தஞ்சாவூர் வீணையின் குடத்தைப் பலா மரத்தில் குடைகிறார்கள். தந்தியின் அதிர்வைக் குதிரை வாங்கிக் குடத்திற்குத் தருகிறது. குடம் அதைப் பெருக்கிப் பாடுகிறது. பேஸ் கிதாருக்கோ குடமே இல்லை. அதன் உடல் கனமான பலகை. தந்திகளுக்கு அடியில் காந்தமும், அதனைச் சுற்றிய செம்புக் கம்பிச் சுருளும் உள்ளன. எஃகுத் தந்தி அதிரும்போது காந்தப் புலம் மாறுகிறது. சுருளில் மின்சாரம் பிறக்கிறது. 1831-இல் ஃபாரடே கண்ட உண்மையே இது. அந்தச் சிறு மின்சாரத்தை ஒலிபெருக்கி நாதமாக்குகிறது. ஆகவே வீணையில் மரத்தின் கடமை பாடுவது. இங்கு மரத்தின் முதற் கடமை அசையாமல் நிற்பது.

பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூர், மரச் சிற்பங்களுக்குப் பேர்போனது. அச்சிற்பங்கள் 2020-இல் புவிசார் குறியீடு பெற்றன. அங்கே தெய்வ உருவங்கள் செதுக்கப் பயன்படும் வாகை மரத்திலேயே நான் உடற்பகுதியை அமைத்தேன். உளிக்கும் இழைப்புளிக்கும் அது நன்கு இணங்கியது.

தண்டியில்தான் தவறினேன். புதிதாக அறுத்த தேக்குப் பலகையை உலர விடாமல், அவசரத்தில் இழைத்துத் தந்தி பூட்டிவிட்டேன். நான்கு தந்திகளும் சேர்ந்து ஏறத்தாழ 80 கிலோ எடைக்குச் சமமான விசையோடு இழுக்கின்றன. ஐப்பசி மழையும் அடுத்து வந்த வெயிலும் போவதற்குள் தண்டி வில்லாக வளைந்தது. எந்தச் சுரமும் நேராக நிற்கவில்லை. குற்றம் மரத்தினுடையது அன்று, பொறுமையற்ற என்னுடையது. பின்னர் இடித்த பழைய வீடொன்றின் தேக்கு உத்தரத்தை வாங்கி, அதனுள் எஃகுக் கம்பி ஒன்றைப் புதைத்து, புதுத் தண்டி செய்தேன். அக்கம்பியின் திருகை முடுக்கினால் வளைவைச் சீர்செய்யலாம்.

அடுத்தது மெட்டு. வீணையில் 24 மெட்டுகளை மெழுகுக் கலவையின்மேல் பதிக்கிறார்கள். சுரம் தவறினால் மெழுகை இளக்கி நகர்த்தலாம். கிதாரிலோ ரம்பத்தால் கீறிய இடம் கீறியதுதான்! ஆதலால் கணக்கே இங்குச் செவிக்கு முன் நிற்கிறது. மேருவிலிருந்து குதிரை வரை தந்தியின் நீளம் 34 அங்குலம், அதாவது 863.6 மில்லிமீட்டர். இதனை 17.817-ஆல் வகுத்தால் 48.5 மில்லிமீட்டர், அங்கே முதல் மெட்டு. எஞ்சிய நீளத்தை மீண்டும் அதே எண்ணால் வகுத்தால் இரண்டாவது மெட்டின் தூரம் கிடைக்கும். இவ்வாறே தொடர்ந்தால், பன்னிரண்டாவது மெட்டு தந்தியின் சரிபாதியில் வந்து விழுவதைக் காண்பீர்கள். அங்கே அழுத்தினால் சுரம் ஒரு ஸ்தாயி உயர்கிறது. கணிதமும் சங்கீதமும் கைகோக்கும் இடம் இதுவன்றோ?

கம்பிச் சுருளுக்காக அரியலூரில் மோட்டார் காயில் கட்டும் ஒருவரை நாடினேன். கிணற்று மோட்டார்களுக்குத் தடித்த கம்பி சுற்றிப் பழகிய அவர், தலைமயிரளவே பருமனுள்ள என் கம்பியைக் கண்டு முதலில் சிரித்தார். ஏறத்தாழ பத்தாயிரம் சுற்று வேண்டும் என்றதும் சிரிப்பு நின்றது. இருமுறை அறுந்தது, மூன்றாம் முறை அறாமல் சுற்றி முடித்தார். தந்திகளைப் பூட்டி, மிகத் தாழ்ந்த தந்தியை மீட்டினேன். விநாடிக்கு 41 முறை அதிரும் அந்நாதம் செவியைவிட நெஞ்சிலே முதலில் பட்டது. அவர், "நம்ம காயிலா பாடுது?" என்று கேட்டார்.

மாணவர்களே, சிற்பியின் உளியும், மோட்டார் பழுதுபார்ப்பவரின் விரலும், வகுப்பறைக் கணக்கும் ஒன்றுசேர்ந்தே இந்தக் கருவி உருவாயிற்று. இவற்றுள் எதையும் நான் தொலைதூரம் சென்று தேடவில்லை. நான் தேடிப் பெற வேண்டியிருந்தது பொறுமை ஒன்றுதான். அதனையும் அந்த வளைந்த தண்டி எனக்குக் கற்பித்தது. அதை நான் எறிந்துவிடவில்லை. இன்றும் என் வேலை மேசைக்கு மேல் தொங்குகிறது.