கூரையில் விரிசலா? பயமும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம்!

இரவு நேரம். சாப்பாடு முடிந்து எல்லோரும் படுத்துவிட்டார்கள். விளக்கை அணைக்கும்முன் வீட்டு அம்மாள் தற்செயலாக மேலே பார்க்கிறார். வெள்ளை வெளேர் என்று இருந்த கூரையில் கறுப்பாக ஒரு கோடு!

"என்னங்க, அங்கே பாருங்க. விரிசல் விட்டிருக்கு!" என்கிறார்.

"ஒட்டடையா இருக்கும். பேசாம படு" என்கிறார் கணவர்.

மறுநாள் காலையில் ஒட்டடைக் கம்பால் தட்டிப் பார்க்கிறார்கள். கோடு போகவில்லை. அது விரிசலேதான்!

"வீடு இடிந்து விழுந்துவிடுமோ?" என்று பாட்டி நடுங்குகிறார். "பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது மறைந்துவிடும்" என்று தாத்தா சொல்கிறார்.

இரண்டு பேர் சொல்வதும் தவறாக இருக்கலாம். காய்ச்சல் வந்தால், அது எதனால் வந்தது என்று பார்த்த பிறகுதான் வைத்தியர் மருந்து கொடுக்கிறார். கூரை விரிசலும் அப்படித்தான். காரணத்தைக் கண்டுபிடித்தால், பல விரிசல்களை நாமே சரிசெய்துவிடலாம். சிலவற்றை நாம் தொடவே கூடாது.

கூரைக்குக் கீழே கூரை

இப்போது பல வீடுகளில் இரண்டு கூரைகள் இருக்கின்றன. மேலே இருப்பது கான்கிரீட் தளம். அதுதான் உண்மையான கூரை. அதற்குக் கீழே, அழகுக்காகவும் விளக்குகள் பதிப்பதற்காகவும் இன்னொரு கூரையைத் தொங்கவிடுகிறார்கள். இதைத்தான் "பால்ஸ் சீலிங்" என்கிறோம். பொய்க்கூரை என்று சொன்னாலும் பொருந்தும்.

இந்தப் பொய்க்கூரை பெரும்பாலும் ஜிப்சம் பலகையால் ஆனது. ஜிப்சம் என்பது மண்ணுக்குள் கிடைக்கும் ஒரு கனிமம். நம் தமிழ்நாட்டிலும் பெரம்பலூர், அரியலூர் பக்கங்களில் கிடைக்கிறது. சிமெண்டு தயாரிக்கும்போது இதைச் சிறிதளவு சேர்க்கிறார்கள். சிமெண்டு உடனே இறுகிவிடாமல் தடுப்பது இதுதான்.

ஜிப்சத்தைச் சுமார் 150 டிகிரி சூட்டில் வறுத்தால், அதில் உள்ள நீரில் பெரும்பகுதி போய்விடும். வெள்ளை மாவு கிடைக்கும். அந்த மாவில் தண்ணீர் ஊற்றிப் பிசைந்தால், சிறிது நேரத்தில் மறுபடியும் கல்லாகிவிடும்! கை உடைந்தால் மருத்துவர் மாவுக்கட்டு போடுகிறாரே, அது இந்த மாவுதான். பாரிஸ் நகருக்குப் பக்கத்தில் இந்தக் கல்லை நிறைய வெட்டி எடுத்தார்கள். அதனால் "பிளாஸ்டர் ஆப் பாரிஸ்" என்று பெயர் வந்தது.

இந்த மாவைக் காகிதங்களுக்கு நடுவே வைத்துப் பலகையாகச் செய்ய முடியும் என்று காட்டியவர் அகஸ்டின் சாக்கெட் என்ற அமெரிக்கர். 1894-ம் ஆண்டு அவர் அதற்குக் காப்புரிமை பெற்றார். இன்று அமெரிக்காவில் மரச்சட்டம் அடித்துக் கட்டும் வீடுகளில் சுவர், கூரை இரண்டுக்குமே உள்பக்கம் இந்தப் பலகைதான்.

இதற்கு இன்னொரு நல்ல குணமும் உண்டு. 100 கிலோ ஜிப்சத்தில் சுமார் 20 கிலோ நீர் கலந்திருக்கிறது. தீப்பிடித்தால் அந்த நீர் ஆவியாகி, நெருப்பு பரவுவதைச் சிறிது நேரம் தடுக்கும். ஆனால் வெளியிலிருந்து வரும் தண்ணீர்தான் இதற்கு எமன். நனைந்தால் ஊறித் தொங்கிவிடும்.

கோடு சொல்லும் சேதி

விரிசலின் வடிவத்தைப் பார்த்தால், அது எதனால் வந்தது என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

கோடு நேராக ஓடுகிறதா? அது இரண்டு பலகைகள் சேரும் இடம். நம் ஊரில் விற்கும் பலகைகள் பெரும்பாலும் 6 அடி நீளம், 4 அடி அகலம், அரை அங்குலக் கனம். இணைப்பில் நாடா ஒட்டாமல் வெறும் மாவை மட்டும் பூசியிருந்தால், சில மாதங்களில் இந்தக் கோடு வந்தே தீரும். இதனால் ஆபத்து இல்லை.

சிறுசிறு வட்டமாகப் புடைத்திருக்கிறதா? பலகையைப் பிடித்திருக்கும் ஸ்குரு தளர்ந்திருக்கிறது.

சுவரும் கூரையும் சேரும் மூலையில் ஓடுகிறதா? சுவர் ஒரு பொருள். பலகை வேறு பொருள். வெயிலிலும் மழையிலும் இரண்டும் ஒரே மாதிரி அசைவதில்லை. அதனால் பிரிந்து நிற்கிறது. குளிர் நாடுகளில் சில மர வீடுகளில், குளிர்காலம் வந்தால் கூரை மரங்கள் வளைந்து மேலே எழும்பும். மூலையில் விரிசல் விடும். கோடை வந்ததும் தானாக மூடிக்கொள்ளும்!

மின்சார விசிறியைச் சுற்றி விரிசலா? விசிறி எதில் தொங்குகிறது என்று உடனே பாருங்கள். மேலே கான்கிரீட்டில் பதித்த கொக்கியில்தான் அது தொங்கவேண்டும். பொய்க்கூரையின் தகரச் சட்டத்தில் தொங்கினால், விசிறியை நிறுத்துங்கள். அதன் அடியில் யாரும் படுக்கக்கூடாது.

விரிசலோடு பழுப்புக் கறை தெரிகிறதா? பலகை வயிறு தள்ளித் தொங்குகிறதா? மேலே எங்கோ தண்ணீர் ஒழுகுகிறது. மொட்டை மாடியாக இருக்கலாம். மாடி வீட்டுக் குளியல் அறைக் குழாயாகவும் இருக்கலாம். ஒழுக்கை அடைக்காமல் பூசுவது வீண் வேலை. ஊறித் தொங்கும் பலகையை வெட்டி எடுத்துவிட்டு, புதுப்பலகைதான் போடவேண்டும்.

உண்மையான ஆபத்து எங்கே?

பொய்க்கூரை அழகானது. ஆனால் அது ஒரு திரை. திரைக்குப் பின்னால் நடப்பது நம் கண்ணுக்குத் தெரியாது.

மேலே உள்ள கான்கிரீட்டுக்குள் இரும்புக் கம்பிகள் இருக்கின்றன. பல ஆண்டுகள் தண்ணீர் கசிந்தால் கம்பி துருப்பிடிக்கும். துரு, இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேலாக இடத்தை அடைக்கும். உள்ளே கம்பி பருக்கும்போது, கீழே உள்ள கான்கிரீட் வெடித்துப் பெயர்ந்து விழும். கடற்கரை ஊர்களில் உப்புக்காற்றினால் இது இன்னும் வேகமாக நடக்கும்.

பெயர்ந்து விழும் துண்டு ஒரு செங்கல் அளவு இருந்தால் என்ன ஆகும்? கீழே குழந்தை படுத்திருந்தால்? நினைக்கவே நெஞ்சு நடுங்குகிறது!

ஆகவே, பொய்க்கூரையைப் பழுது பார்க்கும்முன், விளக்குப் பதித்த துவாரத்தின் வழியாக மேலே பாருங்கள். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, டார்ச் விளக்கு அடித்துப் பார்க்கவேண்டும். கான்கிரீட்டில் துருக்கறை, கம்பி ஓடும் திசையில் நீண்ட வெடிப்பு, பெயர்ந்த பகுதி ஆகியவற்றில் ஏதாவது தெரிந்தால், அந்த அறையில் படுப்பதை நிறுத்துங்கள். கட்டிட என்ஜினீயரை அழைத்துக் காட்டுங்கள். இது நம் கைவேலை அல்ல.

பொய்க்கூரை இல்லாத வீடுகளுக்கும் இதே எச்சரிக்கைதான். பூச்சில் தலைமுடி போலத் தெரியும் மெல்லிய கீறலுக்குப் பயப்படவேண்டாம். தட்டினால் "டொக் டொக்" என்று வெற்றொலி கேட்டால், பூச்சு தளத்தை விட்டுக் கழன்றிருக்கிறது. கொத்தனாரைக் கொண்டு அதைத் தட்டி எடுத்துவிட வேண்டும்.

பென்சில் வைத்தியம்

விரிசல் வளர்கிறதா, நின்றுவிட்டதா? இதை அறியச் செலவில்லாத வழி ஒன்று உண்டு.

கோடு முடியும் இரண்டு முனைகளிலும் பென்சிலால் சிறு கோடு கிழியுங்கள். பக்கத்தில் தேதியை எழுதுங்கள். மாதம் ஒரு முறை பாருங்கள். பென்சில் கோட்டைத் தாண்டி விரிசல் ஓடாவிட்டால், அது நின்றுவிட்டது என்று கொள்ளலாம். பூசிவிடலாம். தாண்டி ஓடினாலோ, அகலமானாலோ, சுவரிலும் இறங்கினாலோ, என்ஜினீயரிடம் காட்டவேண்டும்.

நாமே செய்யலாம்

நேர்க்கோட்டு விரிசல்தான்; மேலே ஒழுக்கும் இல்லை. அப்படியானால் வேலையைத் தொடங்கலாம்.

வேண்டிய பொருள்கள் இவை: ஜிப்சம் பலகைக்கான ஜாயிண்டிங் காம்பவுண்டு, பேப்பர் டேப், ஒரு அங்குல ஸ்குரு, திருப்புளி, அகலமான பட்டித் தகடு, மெல்லிய உப்புத்தாள், பிரைமர், பெயிண்டு. எல்லாம் பெயிண்டுக் கடையிலும் பொய்க்கூரைச் சாமான் விற்கும் கடையிலும் கிடைக்கும்.

முதலில் அந்த அறையின் மின்சாரத்தை மெயினிலேயே நிறுத்துங்கள். பலகைக்கு மேலே வயர்கள் ஓடுகின்றன. சாமான்களை நகர்த்தி, தரையில் பழைய போர்வை விரியுங்கள். கண்ணுக்குக் கண்ணாடி, மூக்குக்கு முகக்கவசம் அவசியம்.

விரிசலின் இரு பக்கமும் உள்ளங்கையால் மெதுவாக அழுத்திப் பாருங்கள். பலகை ஆடினால் ஸ்குரு போடவேண்டும். ஸ்குரு மேலே உள்ள தகரச் சட்டத்தில் ஏறினால்தான் பிடிக்கும். சட்டம் எங்கே இருக்கிறது என்று எப்படித் தெரியும்? ஒரு காந்தத்தைக் கூரையில் தடவிக்கொண்டே போங்கள். பழைய ஸ்குரு இருக்கும் இடத்தில் அது ஒட்டும். அந்த வரிசையில்தான் சட்டம் ஓடுகிறது.

பலகையின் விளிம்பிலிருந்து அரை அங்குலம் உள்ளே தள்ளி ஸ்குரு போடுங்கள். தலை சற்றே உள்ளே அமிழ்ந்தால் போதும். காகிதத்தைக் கிழித்துக்கொண்டு போனால் பிடிப்பு இருக்காது. சட்டமே ஆடினால், கூரை போட்ட ஆளைத்தான் கூப்பிடவேண்டும்.

அடுத்து, விரிசலில் உள்ள உதிரிமாவையும், பிரிந்து நிற்கும் பழைய நாடாவையும் சுரண்டி எடுங்கள். விரிசலைக் கொஞ்சம் அகலப்படுத்துங்கள். நல்ல துணியால் தூசியைத் துடையுங்கள். தூசி இருந்தால் எதுவும் ஒட்டாது.

இப்போது காம்பவுண்டை விரிசலுக்குள் அழுத்தி நிரப்புங்கள். மேலேயும் மெல்லியதாக ஒரு பூச்சு கொடுங்கள். அது ஈரமாக இருக்கும்போதே பேப்பர் டேப்பை நடுவில் ஒட்டி, பட்டித் தகட்டால் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை இழுத்து அழுத்துங்கள். உள்ளே காற்றுக் குமிழி நிற்கக்கூடாது. டேப்பின் மேல் மெல்லிய பூச்சு ஒன்று போட்டுவிட்டு, அன்றைய வேலையை நிறுத்துங்கள்.

மறுநாள், நன்றாகக் காய்ந்த பிறகு, முந்திய பூச்சைவிட அகலமாக இரண்டாம் பூச்சு. அதற்கு அடுத்த நாள், இன்னும் அகலமாக மூன்றாம் பூச்சு. கடைசியில் பூச்சு சுமார் ஓர் அடி அகலம் இருக்கும். ஓரங்கள் தேய்ந்து மறையவேண்டும். அப்போதுதான் மேடு தெரியாது. மழைக்காலத்தில் காய நாளாகும், பொறுத்திருங்கள்.

காய்ந்ததும் உப்புத்தாளால் லேசாகத் தேயுங்கள். தூசியைத் துடைத்து, பிரைமர் அடித்து, பிறகு பெயிண்டு அடியுங்கள். விரிசல் இருந்த இடமே தெரியாது!

செய்யக்கூடாதவை

வெள்ளைச் சிமெண்டைக் குழைத்து விரிசலில் அடைத்து, மேலே பெயிண்டு அடிப்பவர்கள் பலர். நாடா இல்லாமல் எதை அடைத்தாலும் கோடு திரும்ப வரும். பலத்தைக் கொடுப்பது மாவு அல்ல, நாடாதான்.

சுவர் மூலை விரிசலில் இறுகிப்போகும் மாவை அடைக்காதீர்கள். வளைந்து கொடுக்கும் அக்ரிலிக் சீலண்டைப் பூசுங்கள். அதன்மேல் பெயிண்டும் அடிக்கலாம்.

சில பழைய வீடுகளில் கூரையின் உள்பக்கம் ஆஸ்பெஸ்டாஸ் தகடு இருக்கும். அதை உப்புத்தாளால் தேய்க்கவோ, துளையிடவோ கூடாது. அந்தத் தூசி நுரையீரலுக்குள் போனால், பல ஆண்டுகள் கழித்துக்கூடப் புற்றுநோய் வரலாம். சந்தேகம் இருந்தால் கை வைக்காதீர்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம்: நாற்காலிமேல் முக்காலி போட்டு ஏறாதீர்கள்! உறுதியான ஏணி வேண்டும். கீழே ஒருவர் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டும். கூரையைப் பழுது பார்க்கப்போய் காலுக்கு மாவுக்கட்டு போடவேண்டாம்!

மழைக்கு முன்னால்

ஐப்பசி அடைமழைக்கு முன்பு, ஆண்டுக்கு ஒரு நாள், குடும்பத்தோடு மொட்டை மாடிக்குப் போங்கள். சருகுகளைக் கூட்டுங்கள். தண்ணீர் போகும் குழாய் அடைத்திருந்தால் சுத்தம் செய்யுங்கள். தட்டோடு பெயர்ந்திருந்தால் உடனே பூசுங்கள். மேலே தண்ணீர் தேங்காவிட்டால், கீழே கூரைக்குப் பாதிக் கவலை இல்லை.

அன்று இரவு பாயில் படுத்து மேலே பாருங்கள். பென்சில் கோடு போட்ட இடத்திலேயே விரிசல் நிற்கிறதா? பாட்டியிடம் சொல்லுங்கள். அவரும் பயமில்லாமல் தூங்குவார்.