வீட்டு விலை பேச முன் வீட்டுக்குள்ளே பேசி முடியுங்கள்

புறக்கோட்டை கெய்சர் வீதியில் முப்பது வருடங்களுக்கு மேலாகப் புடவை மொத்த வியாபாரம் செய்து வருகிறேன். காலையில் கடை திறந்தது முதல் மாலையில் பூட்டும் வரை விலை பேசுவதுதான் எனது தொழில். ஒரு பேரம் தவறிப் போனால் அடுத்த வாடிக்கையாளர் வருவார். அதற்காக ஒரு நாளும் தூக்கம் கெட்டதில்லை.

ஆனால் 2016 ஆம் ஆண்டு நான்கு மாதங்களுக்குள் ஒரு வீட்டை விற்று இன்னொரு வீட்டை வாங்க வேண்டி வந்தது. அந்த நான்கு மாதமும் நான் ஒழுங்காகத் தூங்கியதாக நினைவில்லை. பிரஷர் குளிசை போட ஆரம்பித்ததும் அப்போதுதான். விலை பேசுவதையே தொழிலாகக் கொண்ட எனக்கே இந்த நிலை என்றால், மாதச் சம்பளக்காரர்களின் பாடு எப்படி இருக்கும் என்று பின்னர் பல தடவை யோசித்திருக்கிறேன். அண்மையில் வீடு வாங்கும் எண்ணத்தோடு ஆலோசனை கேட்டு இரண்டு பேர் கடைக்கு வந்தார்கள். அவர்களுக்குச் சொன்னதையே வாசகர்களோடும் பகிர்ந்து கொள்கிறேன்.

வேறு பொருளும் வீடும் ஒன்றல்ல

புடவைக் கட்டு ஒன்றுக்கு நேற்றைய விலை தெரியும். பக்கத்துக் கடை விலையும் தெரியும். வீட்டுக்கு அப்படியில்லை. ஒரே ஒழுங்கையில் இரண்டு வீடுகள், ஒரே பேர்ச்சஸ் அளவு. ஒன்றுக்கு வான் போகும் பாதை உண்டு, மற்றதற்கு இல்லை. விலையில் பல இலட்சம் வித்தியாசம் வரும். அத்துடன் பெரும்பாலானவர்கள் வாழ்நாளில் ஒரு தடவை அல்லது இரண்டு தடவைதான் வீட்டு விலை பேசுகிறார்கள். பழகிக் கொள்ள வாய்ப்பே கிடைப்பதில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. நாங்கள் விற்றது தெமட்டகொடையில் எமது வாப்பா கட்டிய வீடு. 7 பேர்ச்சஸ் காணி. உம்மாவும் 2015 இல் வபாத்தான பின் அது நான்கு பிள்ளைகளுக்கு உரித்தானது. பார்க்க வந்த ஒருவர் ஹோல் சுவரைத் தட்டிப் பார்த்து, "இது உடைச்சுப் போட வேண்டிய வீடு, காணிக்கு மட்டும்தான் விலை" என்றார். அந்த ஹோலில்தான் வாப்பாவின் ஜனாஸாவைக் கிடத்தியிருந்தோம். எனக்குக் கோபம் வந்து ஏதோ சொல்லிவிட்டேன். மனிதர் தேநீரைக் கூடக் குடிக்காமல் எழுந்து போய்விட்டார்.

இரவில் யோசித்தபோது வெட்கமாக இருந்தது. கடையில் நானும் தினமும் இதைத்தானே செய்கிறேன்? சாயம் போகும், நெசவு ஐதாக இருக்கிறது என்று குறை சொல்லித்தானே விலையைக் குறைக்கிறேன்? அவர் சுவரைப் பற்றிப் பேசினார். நான் வாப்பாவைப் பற்றிக் கேட்டேன். விற்பதற்குத் தீர்மானித்து விட்டால், வாங்க வருபவர் குறை சொல்வார் என்பதையும் முன்கூட்டியே ஏற்றுக்கொண்டு உட்கார வேண்டும். அது முடியாது என்றால் பேச்சை வேறொருவரிடம் ஒப்படைப்பதே நல்லது.

பேசும் வாய் ஒன்றாக இருக்க வேண்டும்

எங்களது அடுத்த தவறு இதைவிடப் பெரியது. இலங்கையில் முஸ்லிம்களின் வாரிசுரிமை 1931 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி ஷரீஆ முறையில் பிரிகிறது. நானாவும் நானும் ஆண்கள், ராத்தாவும் தங்கச்சியும் பெண்கள். ஆறு பங்கில் எங்களுக்கு இவ்விரண்டு, அவர்களுக்கு ஒவ்வொன்று. பங்கு எவ்வளவு சிறியதாக இருந்தாலும், பங்காளிகள் அத்தனை பேரும் கையெழுத்து வைத்தால்தான் முழு வீட்டையும் விற்க முடியும். இது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஆனால் எந்த விலைக்குக் கீழே கொடுப்பதில்லை என்பதை நால்வரும் கூடிப் பேசித் தீர்மானிக்கவில்லை.

நாங்கள் கேட்டது 1 கோடி 80 இலட்சம். ஒருவர் 1 கோடி 50 இலட்சத்தில் ஆரம்பித்தார். நான் 1 கோடி 70 இல் உறுதியாக நின்றேன். திடீரென்று அவர் அசைய மறுத்தார். காரணம் பின்னர்தான் தெரிந்தது. தரகர் தங்கச்சியின் கணவருக்குத் தனியாகப் போன் எடுத்திருக்கிறார். மச்சானுக்கு அவசரமாகப் பணம் தேவைப்பட்டது. "1 கோடி 60 வந்தாலும் எங்களுக்குச் சரிதான்" என்று சொல்லிவிட்டார். அதன் பிறகு நான் எவ்வளவு நேரம் 70 இல் நின்று என்ன பயன்? கடைசியில் 1 கோடி 62 இலட்சத்துக்கு முடிந்தது.

நான் மச்சானைக் கடிந்து கொண்டேன். தங்கச்சி எட்டு மாதங்கள் என்னுடன் பேசவில்லை. மச்சான் மீது குற்றமில்லை என்பதை இப்போது எழுதுவது எனக்கு இலகுவாக இருக்கிறது. அவரது அவசரத்தை நான் முதலிலேயே கேட்டறிந்திருந்தால், என் கைப்பணத்தில் இரண்டு மூன்று இலட்சம் முற்பணமாகக் கொடுத்துக் காத்திருக்கச் சொல்லியிருக்கலாம். நான் கேட்கவில்லை.

எனவே வாரிசுச் சொத்தை விற்பவர்கள் தரகரைக் கூப்பிட முன், எல்லோரும் ஒரு நாள் ஒன்றாக உட்காருங்கள். யாருக்கு எப்போது பணம் தேவை, ஆகக் குறைந்த விலை எது, பேசுபவர் யார் என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். மற்றவர்களுக்குப் போன் வந்தால், "அவரிடம் பேசுங்கள்" என்பதைத் தவிர வேறு பதில் இருக்கக் கூடாது.

அவசரத்தைச் சபையில் வைக்காதீர்கள்

வாங்கும் பக்கத்தில் நான் விட்ட தவறு வேறு. மகளுக்கு அந்த வருடம் ஷவ்வாலில் நிகாஹ் நிச்சயமாகியிருந்தது. தெஹிவளையில் ஒரு வீடு பிடித்துப் போனது. உரிமையாளர் நல்ல மனிதர். தேநீர் தந்து குடும்ப விடயங்களைக் கேட்டார். நானும் மனந்திறந்து, "மகளுக்குக் கல்யாணம், அதற்குள் வீடு வேண்டும்" என்று சொல்லிவிட்டேன். அந்த நிமிடத்திலிருந்து அவர் 1 கோடி 8 இலட்சத்தில் இருந்து ஒரு ரூபா கூட இறங்கவில்லை. நானாக இருந்தாலும் இறங்கியிருக்க மாட்டேன்.

வாய்ப் பேச்சில் அந்த விலைக்கே முடித்தோம். மூன்றாம் நாள் இரவு போன் வந்தது. வேறொருவர் 1 கோடி 15 தருகிறார், என்ன செய்வது என்றார். உண்மையா, விலையை ஏற்றும் தந்திரமா என்று எனக்கு இன்று வரை தெரியாது. ஒருவர் பேசி முடித்த விலையின் மேல் இன்னொருவர் விலை பேசுவதும், வாங்கும் எண்ணமில்லாமல் விலையை ஏற்றி விடுவதும் மார்க்கத்தில் தடுக்கப்பட்டவை என்பது நாம் அறிந்த விடயம். ஆனால் மற்றவர் அதைப் பேணுவார் என்று நம்பிப் பணத்தோடு காத்திருக்க முடியாது.

உடனே சரி என்று சொல்ல வாய் வந்தது. என் மனைவி போனைப் பொத்திக்கொண்டு, "நாளைக்குச் சொல்றோம் எண்டு சொல்லுங்க" என்றார். பிறகு கொப்பியை எடுத்து, "கடன் படாம எங்கட்ட எவ்வளவு இருக்கு? அதச் சொல்லுங்க முதல்ல" என்றார். கணக்குப் பார்த்தோம். செலவுகள் போக 1 கோடி 12 இலட்சம் என்று வந்தது. "அதுக்கு மேல கேட்டா வேற வீடு பார்ப்போம்" என்று கொப்பியை மூடினார். நான் அன்றிரவு தூங்கினேன். மறுநாள் 1 கோடி 10 இலட்சத்துக்கு முடிந்தது. எல்லை எது என்று தெரிந்ததும் குரலில் நடுக்கம் இருக்கவில்லை.

வாய்ச் சொல்லும் உறுதியும்

வீட்டுப் பேரத்தில் மனஅழுத்தம் அதிகமாக வருவது விலை முடிந்த பிறகுதான். காரணம் சட்டத்தில் இருக்கிறது. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, காணி விற்பனையும் சரி, விற்பதாகச் செய்யும் உடன்படிக்கையும் சரி, எழுத்தில் இருக்க வேண்டும். நொத்தாரிஸ் முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு கையொப்பமிடப்பட வேண்டும். வாய்ப் பேச்சு, கை குலுக்கல், சாதாரணத் தாளில் எழுதிய முற்பண ரசீது எதுவும் வீட்டை எழுதித் தரும்படி வற்புறுத்த உதவாது. கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்கச் சாட்சியாக இருக்கலாம், அவ்வளவுதான்.

2022 இல் எனக்குத் தெரிந்த ஒருவர் பெப்ரவரி மாதம் வாய்ப் பேச்சில் வீடு ஒன்றை முடித்தார். அப்போது டொலர் 200 ரூபா மட்டில் இருந்தது. மே மாதத்தில் 360 ரூபா மட்டிற்கு ஏறியது. விற்பவர் பழைய விலைக்குத் தர முடியாது என்று கையை விரித்து விட்டார். வாங்க இருந்தவரிடம் நொத்தாரிஸ் உடன்படிக்கை இருந்திருந்தால் பேசுவதற்கு ஒரு பிடி இருந்திருக்கும்.

ஆகவே விலை முடிந்த வாரத்திலேயே சட்டத்தரணியிடம் போங்கள். விற்பவரின் உரிமையைக் காணிப் பதிவகத்தில் 30 வருடங்கள் பின்னோக்கித் தேடிப் பார்ப்பது வழக்கம். அது சரியாக இருந்தால் உடன்படிக்கையை எழுதி முற்பணம் கொடுங்கள். உறுதி முடிந்தவுடன் தாமதிக்காமல் பதிவு செய்யுங்கள். ஒரே காணி இருவருக்கு விற்கப்பட்டிருந்தால், பிந்தி வாங்கியவர் மோசடி எதுவுமின்றி விலை கொடுத்து வாங்கி முந்திப் பதிவு செய்திருக்கும் பட்சத்தில், முந்தி வாங்கியவர் உரிமையை இழக்க நேரிடலாம்.

விற்று வாங்குபவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. எனது இரண்டு உடன்படிக்கைகளிலும் 60 நாள் தவணை. இடையில் ஒரு வாரம்தான் வித்தியாசம். எமது வீட்டை வாங்கியவர் வங்கியை நம்பியிருந்தார். வங்கி மாநகர சபையின் ஸ்ட்ரீட் லைன் சான்றிதழும் புதிய அளவை வரைபடமும் கேட்டது. மூன்று வாரங்கள் தாமதம். தெஹிவளைக்காரருக்குக் கொடுக்க என்னிடம் மீதிப் பணம் இல்லை. நோன்பு காலத்தில் அவரது வாசலில் நின்று தவணை கேட்டேன். 2 இலட்சம் கூடக் கேட்டார், கொடுத்தேன். எனது எல்லையும் அதோடு முடிந்தது. வாங்கும் தவணை, விற்கும் தவணையை விட ஒரு மாதமாவது நீண்டிருக்க வேண்டும் என்ற பாடத்துக்கு நான் கொடுத்த கட்டணம் அது. வங்கி கேட்கும் சான்றிதழ்களை விலை பேச முன்னரே எடுத்து வைப்பதும் விற்பவரின் பொறுப்பு.

மறந்து போகும் செலவுகள்

வாங்குபவர் பேசிய விலையை மட்டும் கணக்கில் எடுக்கக் கூடாது. முத்திரை வரி முதல் 1 இலட்சத்துக்கு 3 வீதம், மிகுதிக்கு 4 வீதம். 1 கோடி 10 இலட்சத்துக்கு 439,000 ரூபா. அதற்கு மேல் நொத்தாரிஸ் கட்டணம், அளவைச் செலவு, திருத்த வேலை. விற்பவருக்குத் தரகர் பணம் உண்டு. 2018 ஏப்ரல் முதல் மூலதன ஆதாய வரியும் மீண்டும் வந்திருக்கிறது. மூன்று வருடங்கள் தொடர்ந்து சொந்தமாக இருந்து, அதில் இரண்டு வருடங்களாவது தான் குடியிருந்த வீட்டுக்கு விலக்கு உண்டு. வேறிடத்தில் குடியிருக்கும் பிள்ளைகள் வாரிசு வீட்டை விற்கும்போது இதை முன்னரே விசாரித்துக் கொள்ள வேண்டும்.

இறுதியாக ஒன்று. எமது வீட்டின் பின்னறைக் கூரை ஒழுகும். "பெயின்ட் அடிச்சா தெரியாது தம்பி" என்றார் நானா. நான் வாங்குபவரிடம் அறையைக் காட்டிச் சொல்லிவிட்டேன். அதற்காக அவர் சில இலட்சம் குறைத்திருப்பார் என்பது உண்மை. ஆனால் அந்த நான்கு மாதங்களில் என்னைப் பயமுறுத்திய எத்தனையோ விடயங்களில் அந்தக் கூரை மட்டும் இருக்கவில்லை. முதல் மழைக்கு அவரிடமிருந்து போன் வரும் என்று நான் காத்திருக்கவில்லை.

தங்கச்சி இப்போது பெருநாளைக்கு வீட்டுக்கு வருகிறார். வீட்டு விற்பனை பற்றி நாங்கள் பேசுவதில்லை. எட்டு மாத மௌனத்தை எந்த இலட்சத்தில் கணக்கிடுவது என்று எனக்குத் தெரியாது. உங்கள் குடும்பத்தில் அப்படி ஒரு கணக்கு வராதிருக்க, தரகருக்குப் போன் எடுக்க முன் அந்தத் தாளை எழுதி விடுங்கள். மற்றவை இன்ஷா அல்லாஹ் இலகுவாகும்.